இருநூறு வீட்டில் இருபத்துநாலு

மலையின் ஊர்த்தொகுதிகளில் ஒன்றான வாழவந்தி நாட்டில் பாப்பாத்தியின் வீட்டுக்குக் கணக்கெடுக்க வித்யாஸ்ரீ வந்தபோது, பாப்பாத்தியின் மகள் அருள்மொழியை அதே மலையின் ஆலத்தூர் நாட்டுக்காரர்கள் பெண்பார்த்துவிட்டுப் போய் மூன்று நாள்தான் ஆகியிருந்தது. பெண்ணைப் பிடித்திருப்பதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

வித்யாஸ்ரீ மலைக்குக் கீழே சமவெளியிலிருந்து வந்த கீழ்நாட்டுப் பெண். கல்லூரியில் புள்ளியியல் படிக்கிறவள். மலையில் எத்தனை வீட்டில் வலிப்புக்காரர்கள் இருக்கிறார்கள் என்று பார்க்கச் சீட்டுப் போட்டு இருநூறு வீடுகளை எடுத்திருப்பதாகச் சொன்னாள். பத்தில் ஒரு வீட்டுக்கு மேல் என்று உறுதிப்பட்டால் மாதம் ஒருநாள் நரம்பு டாக்டர் மலைக்கே வருவார், மாத்திரையும் இங்கேயே கிடைக்கும் என்றாள். யார் பெயரையும் வெளியே சொல்லமாட்டார்களாம்.

அருள்மொழிக்குப் பதினாலு வயதிலிருந்து வலிப்பு. மாத்திரைக்காக மாதாமாதம் பஸ் ஏறி, வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்துக்கொண்டு கீழே போய்வருவார்கள். மழையில் ரோடு அடைத்துக்கொண்ட மாதம் மாத்திரை கிடையாது. யாராவது கேட்டால் பித்தம் என்று சொல்லிவைத்திருந்தாள் பாப்பாத்தி.

அவள் கதவோரம் நின்ற மகளை ஒருமுறை பார்த்தாள்.

"எங்க ஊட்ல அப்படி யாரும் இல்லீங்க."

வித்யாஸ்ரீ எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள்.

இரண்டு மாதம் கழித்து அவளை ஆஸ்பத்திரி வாசலில் பார்த்ததும் பாப்பாத்தி ஆசையோடு கிட்டே போய், டாக்டர் எப்போது வருவார் என்று கேட்டாள். வரமாட்டார் என்றாள் வித்யாஸ்ரீ. இருநூறில் இருபத்துநாலு வீட்டில்தான் வலிப்பு உண்டு என்று சொல்லியிருந்தார்கள். இருபது என்பதுதானே பத்தில் ஒன்று, அதைத் தாண்டிவிட்டதே என்று பாப்பாத்தி கேட்டாள். அந்தப் பெண் பொறுமையாகவே விளக்கினாள். மலை முழுக்கப் பத்தில் ஒரு வீடுதான் என்றாலும், சீட்டு விழுந்த வாக்கில் இருபத்துநாலு வந்துவிடலாம். குறைந்தது இருபத்தேழு வீடு வந்திருந்தால்தான் இது தற்செயல் இல்லை என்று எழுத முடியும். அந்த எல்லையை வேலை தொடங்கும் முன்பே முடிவு செய்திருந்தார்களாம்.

பாப்பாத்தி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நான் பொய் சொல்லிட்டேன் கண்ணு. எம்புள்ளைக்கு இருக்குது. இப்ப எழுதிக்கோ."

வித்யாஸ்ரீ தலையசைத்து மறுத்தாள்.

"முடிவு தெரிஞ்சதுக்கப்புறம் பதிலை மாத்துனா அது கணக்கே இல்லீங்க அக்கா. மாத்துனாலும் இருபத்தஞ்சுதான் வருது."

வீட்டுக்குத் திரும்பும் வழியில் பாப்பாத்தி அத்தாயியின் வீட்டில் நின்றாள். அத்தாயியின் மகனுக்கும் வலிப்பு உண்டு. ஊருக்கே தெரியும், யாரும் பேசுவதில்லை. அந்த வீட்டுக்கும் சீட்டு விழுந்திருந்தது. அத்தாயி களத்தில் சாமையைப் புடைத்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் புள்ளகிட்ட நீ என்ன சொன்னே?"

அத்தாயி முறத்தை நிறுத்தவில்லை.

"நீ சொன்னதையேதான்."

தை மாதம் கல்யாணம் நடந்தது. மாத்திரையைத் துணிகளுக்கு நடுவே சுருட்டிக் கொடுத்தனுப்பினாள் பாப்பாத்தி. அது தீர்ந்ததும் வாங்கிவரக் கீழே போகவேண்டும் என்று புகுந்த வீட்டில் எப்படிச் சொல்வது என்று அருள்மொழிக்குத் தெரியவில்லை. கல்யாணமான நான்காம் மாதம் மரவள்ளிக் காட்டில், மாமியாரின் கண்ணெதிரே வலிப்பு வந்து விழுந்தாள்.

மருமகன் முரளிதான் அவளை வண்டியில் கொண்டுவந்து விட்டான். நல்ல பையன். அவளுடைய பையைத் தானே தூக்கிவந்து வாசலில் வைத்தான். உள்ளே வந்து உட்காரச் சொல்லியும் வரவில்லை.

"மொதல்லயே சொல்லியிருக்கலாமுங்க அத்தை," என்றான். "இப்ப எங்கம்மா சொல்லுக்கு மேல நான் ஒண்ணும் பண்ண முடியாதுங்க."

வண்டி திரும்பி ஏற்றத்தில் ஏறி மறைந்தது. அருள்மொழி யார் முகத்தையும் பார்க்காமல் உள்ளே போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். சாப்பிடக் கூப்பிட்டதற்கு எழவில்லை. பாப்பாத்தி மகளின் காலடியில் உட்கார்ந்தாள்.