எட்டுப் பக்கத்தின் எடை

காலை பத்தரை மணிக்கு மூளைக்கட்டி ஆய்வுத் துறையில் படாரென்று ஒரு சத்தம் கேட்டது. துறைத் தலைவரான பெரிய டாக்டரின் கட்டுரை வெளிவந்த மருத்துவ இதழ், அவருடைய மேசையை உடைத்துக்கொண்டு தரையில் கிடந்தது. கட்டுரை எட்டே பக்கம்தான். ஆனால் அந்த ஒல்லியான இதழை இரண்டு வார்டு ஊழியர்கள் மூச்சு வாங்கத் தூக்க வேண்டியிருந்தது. கீழ்த்தளத்து எடை மெஷினில் வைத்தபோது நாற்பத்தாறு கிலோ காட்டியது. "தாளுக்குப் பதிலா தகரத்துல அடிச்சிட்டானா?" என்று பெரிய டாக்டர் அச்சகத்தைத் திட்டினார். இதழைத் திரும்ப மேலே கொண்டுவர ஊழியர்கள் மறுத்ததால் அது கீழ்க்கூடத்திலேயே தங்கிவிட்டது. மேசை உடைந்ததற்கு அலுவலகம் ஒரு படிவம் நிரப்பியது.

நாற்பத்தாறு என்றதும் ஸ்லைடு அக்காவுக்குப் புரிந்துவிட்டது. இறந்தவர்களின் மூளைத் திசுவை மெழுகில் பதித்து, தாளைவிட மெல்லிசாகச் சீவி, கண்ணாடியில் ஒட்டிச் சாயமேற்றுவது பதினெட்டு வருடமாக அவர் வேலை. புது மருந்து முப்பது பேருக்குத் தரப்பட்டது. இருபத்தொன்பது பேருக்கு அது எந்தக் கெடுதலும் செய்யவில்லை என்றது கட்டுரை. இருபத்தேழாம் எண்காரர் மட்டும் பாதியிலேயே வருவதை நிறுத்திவிட்டார், அதனால் சேர்க்கவில்லை என்று அடிக்குறிப்பில் ஒரு வரி. அவருடைய கடைசி எடை நாற்பத்தாறு. அவர் மூளையைச் சீவியதும் அக்காதான். கட்டி சுருங்கியிருந்தது, உண்மை. ஆனால் சுற்றியிருந்த ரத்தக்குழாய்கள் மொத்தமும் வெடித்திருந்தன.

"சார், வராத மனுஷனோட மூளை நம்ம அலமாரியில எப்படி சார் இருக்கும்?"

"உன் வேலை சீவறது. எழுதறது என் வேலை. போம்மா."

மூன்று வருடங்கள் போயின. பல ஊர் நூலகங்களில் அந்த இதழ் இருந்த அலமாரிகள் உடைந்தன. சரி, கணினியிலேயே படிக்கட்டும் என்றார்கள். அந்தப் பக்கத்தைத் திறந்ததும் மேசைக் கால்கள் முனகின. பெரிய டாக்டருக்கு விருது கொடுத்தபோது கட்டுரையை ஸ்ட்ரெச்சரில் வைத்து மேடைக்குக் கொண்டுவந்தார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். மருந்து இன்னும் நான்கு மருத்துவமனைகளுக்குப் போனது. அங்கிருந்தும் வெடித்த ரத்தக்குழாய்கள் கண்ணாடித் துண்டுகளில் வரத் தொடங்கின. அக்கா இதழுக்கு எழுதிய கடிதங்களுக்கு ஒரே பதில்தான்: அவர் கடைசிவரை வந்தார் என்பதற்கு அத்தாட்சி வேண்டும். அவருடைய கடைசி மாத வருகைப் பதிவேட்டைக் கரையான் அரித்துவிட்டதாக அலுவலகம் சொன்னது. முன்மாதத்தையும் பின்மாதத்தையும் விட்டுவிட்டு அதை மட்டும் அரித்த கரையான்!

கடைசியில் ஒரு விசாரணைக் குழு போட்டார்கள். மருந்தை விசாரிக்க அல்ல, உடைந்த மரச்சாமான்களை விசாரிக்க. அதுவாவது கிடைத்ததே என்று அக்கா இருபத்தேழாம் எண்காரரின் மனைவியைத் தேடிப்போய் அடிக்குறிப்பைப் படித்துக் காட்டினார். "நாலு பேருக்கு உதவட்டும்" என்று புருஷனின் மூளையை எடுத்துக்கொள்ளக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவள் அவள். துணிக்கடையில் புடவை மடிக்கும் வேலை. மறுபேச்சில்லாமல் கடைக்கு லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

முன்பு மருந்து கொடுத்த அதே மூன்றாம் மாடியில் குழு கூடியது. இதழைப் பார்க்க வேண்டும் என்றார் குழுத் தலைவர். கீழ்க்கூடத்திலிருந்து கொண்டுவர ஆளில்லை, லிஃப்டும் ஓடவில்லை. அதைப் பழுது பார்க்கத் தெரிந்த ஒரே மெக்கானிக் அந்த இருபத்தேழாம் எண்காரர்தான். அவர் படுத்த நாளில் நின்றது, நின்றதுதான். கீழ்க்கூடத்தில் நின்றிருந்த அவர் மனைவி குனிந்து இதழை மார்போடு அணைத்துத் தோளில் சாய்த்துக்கொண்டாள். அறுபத்துநான்கு படிகள். இரண்டாம் மாடித் திருப்பத்தில் மட்டும் வழக்கமாக நிற்பவளைப் போலச் சற்று நின்றாள். மேலே வந்ததும் காலியாக இருந்த நாற்காலியில் அதை மெதுவாக, தலைப்பக்கம் சாயாமல் உட்கார வைத்தாள்.

பெரிய டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "எப்படிம்மா தனியாத் தூக்கிட்டு வந்தீங்க?" என்றார் குழுத் தலைவர்.

"கடைசி மாசம் முப்பது நாளும் இந்தக் கனத்தை இதே படியில நான்தானே தூக்கிட்டு வந்தேன். வரலைன்னு எழுதினது யாரு சார்?"