தட்டில் நின்ற ஊர்

சிவப்பு ஜெல்லியின் மேல் பிஸ்கட் வீடுகளை நட்டு முடித்த நோஹெமி, தட்டின் ஓரத்தை விரலால் மெல்லச் சுண்டினார். வீடுகள் ஆடின. மூன்றாம் வகுப்பு கொல்லென்று சிரித்தது. முதல் வரிசையில் இருந்த அவருடைய மகள் சித்லாலி மட்டும் சிரிக்கவில்லை. முகம் பெருமையில் இறுகியிருந்தது. நிலநடுக்கத்தை ஆராயும் தன் அம்மா வகுப்புக்கு வரப்போகிறார் என்று பல வாரங்களாகச் சொல்லித் திரிந்தவள் அவள்.

“முடிஞ்சதும் சாப்பிடலாமா மிஸ்?” என்றான் ஃபாபியான்.

“ஊரையே முழுங்கப் போறியா?” என்று சிரித்தார் நோஹெமி. “நம்ம மெக்சிகோ நகரமும் இப்படித்தான், பழைய ஏரிச் சேத்து மேல உக்காந்திருக்கு. அதான் இவ்வளவு ஆடுது. ஆனா கடற்கரைப் பக்கம் பூமி அதிர்ந்தா, அந்த அலை மண்ணுக்குள்ள மெதுவாத்தான் வரும். சேதி ரேடியோவுல முந்திக்கிட்டு வந்துடும். அதனாலதான் சைரன் முதல்ல கத்துது. அப்ப என்ன செய்யணும்?”

“ஓடக்கூடாது, கத்தக்கூடாது, தள்ளக்கூடாது!” என்றது வகுப்பு ஒரே குரலில்.

“பக்கத்துல இருக்கிறவங்க கையப் பிடிச்சுக்கணும்,” என்று சேர்த்தார் நோஹெமி.

அவர் சொல்லி வாய் மூடவில்லை, தெருக்கம்பத்தில் சைரன் அலறியது. அன்று ஒத்திகை நாள் அல்ல.

கதவு, படிக்கட்டு, வெயில். அவ்வளவுதான் அவருக்கு நினைவிருந்தது. தன்னுணர்வு வந்தபோது எல்லோரும் வந்து கூடுவதற்காக முற்றத்தில் வரைந்திருந்த பச்சை வட்டத்துக்குள் தனியே நின்றிருந்தார். மகளின் கை இருந்திருக்க வேண்டிய இடத்தில் ஜெல்லித் தட்டு இருந்தது. ஒரு வீடுகூடச் சாயவில்லை.

பிள்ளைகள் கைகோத்து வரிசையாக இறங்கி வந்தார்கள். கடைசியாக ஆசிரியை அமாலியா. பிறகே தரை படகுபோல அசைந்து, அடங்கியது.

“டேய், பூகம்ப டாக்டரம்மா ஜெல்லிய மட்டும் பத்திரமா காப்பாத்திட்டாங்கடா!” என்றான் ஃபாபியான். வரிசை குலுங்கிச் சிரித்தது.

“போடா! வழி சரியா இருக்கான்னு பாக்கத்தான் எங்கம்மா முன்னாடி போனாங்க. இல்லம்மா?”

“ஆமாமா, யாராவது முன்னாடி போய்ப் பாக்கணும்ல,” என்றார் அமாலியா கனிவாக. அந்தக் கனிவைத்தான் நோஹெமியால் தாங்க இயலவில்லை. ஆமென்று தலையை ஒருமுறை அசைத்தால் போதும், மகளின் பொய் நிலைத்துவிடும். தலை அசையவில்லை.

மின்கம்பிகளின் ஊசலாட்டம் ஓய்ந்துவிட்டது. சித்லாலி அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. அம்மாவின் கையில் இருந்த தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதில் வீடுகள் இன்னும் ஆடிக்கொண்டிருந்தன.