ஆழம் காணாமல் போன கோப்பு

பனியாற்று ஆய்வு நிலையத்தின் இயக்குநருக்கு ஊழியர்கள் வைத்த பெயர் ‘சிகரம்’. தும்மினாலும் ஒரு கண்டுபிடிப்பைப் போலத்தான் தும்முவார். இப்போதைய கண்டுபிடிப்பு: துருவக் கடலில் பனியாறு வந்து முடியும் இடத்தில், ஒரே வாரத்தில் நீரின் வெப்பம் இரண்டு டிகிரி எகிறிவிட்டதாம். நாளை மாநாட்டில் அறிவிப்பு. கணக்கைச் சரிபார்த்தவள் என்று இன்று நான்கு மணிக்குள் நான் கையெழுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் மாநாட்டில் ஏற்க மாட்டார்கள். போட்ட பிறகு தப்பென்று தெரிந்தால், இந்தத் துறையில் என்னை ஒருவரும் சீந்த மாட்டார்கள்.

எனக்கு உறுத்தியது. கடல் அவ்வளவு அவசரப்படாது. கோப்பைத் திறந்தேன். தேதி இருந்தது, வெப்பம் இருந்தது. வெப்பம் அளக்கும் கருவி எந்த ஆழத்தில் கிடந்தது என்ற கணக்கு மட்டும் இல்லை.

முதல் சந்தேகம் சிகரத்தின் மேல். அடுத்தது, கருவிகளைக் கடலில் இறக்கி எடுக்கும் மெக்கானிக் மேல். அவன் என் கொழுந்தன் என்பதால் சந்தேகம் இரட்டிப்பு.

பட்டறையில் கயிறு சுருட்டிக்கொண்டிருந்தான்.

“ஆழக் கணக்கு எங்கடா?”

“எதுக்கு அண்ணி போலீஸ் மாதிரி வந்து நிக்கிறீங்க? அசல் எங்கிட்டதான் இருக்கு.”

“கோப்புல இருந்து எடுத்தது யாரு?”

“நான்தான். சார் எடுக்கச் சொன்னாரு. படத்துல ஒரு கோடு மேல போகுது, ஒரு கோடு கீழ போகுது, பாக்க அசிங்கமா இருக்குன்னாரு.”

அசலைப் பார்த்தேன். கடலடியில் நங்கூரமிட்ட கயிற்றில்தான் கருவி மிதந்து நிற்கும். அந்த வாரம் மிதந்து வந்த பனிப்பாறை ஒன்று அந்தக் கயிற்றில் மாட்டி, கருவியை அறுபது மீட்டர் கீழே அமுக்கியிருந்தது. அங்கே மேலே இருப்பது பனி உருகிய குளிர்நீர், அடியில்தான் வெதுவெதுப்பு. எகிறியது கடல் இல்லை, இறங்கியது கருவி.

அசலோடு அறைக்குப் போய் விஷயத்தைச் சொன்னதும், சிகரம் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “உன்னை யாரும்மா தூண்டிவிட்டது?”

“பனிப்பாறை, சார்.”

“அப்ப கடல் சூடாகலையா?”

“ஆகுது சார். அந்த வாரத்தைத் தள்ளிட்டாலும் ஒன்பது வருஷத்துல அரை டிகிரி. பனியாத்தை அடியில அரிச்சிக்கிட்டே இருக்கு.”

“அரை டிகிரிக்கு எவன் கை தட்டுவான்?”

அந்த வாரத்தைத் தள்ளி நான் வரைந்து கொண்டுபோயிருந்த அரை டிகிரிப் படத்தின் அடியில் கையெழுத்துப் போட்டு நீட்டினேன். அவருடைய இரண்டு டிகிரிப் படத்தைத் தொடவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார்.

“சரி, கோட்டுக்கு நல்ல கலரா ஒண்ணு குடு.”

இவ்வளவு சுலபமாக அவர் ஒத்துக்கொண்டதுதான் இடித்தது. இருக்கைக்குத் திரும்பியதும் முதல் வேலையாக அசல் கோப்பை, ஆழத்தோடு, மாநாட்டுக் குழுவுக்கு அனுப்பினேன்.