கண்ணாடிக் கட்டிக்குள் சாக்கடை

சாக்கடைச் சேற்றை ரெசினுக்குள் உறையவைப்பதில் சேறு ஒரு பிரச்சினையே இல்லை, தண்ணீர்தான் பிரச்சினை. ரெசின் என்பது தேன் போன்ற திரவம். அதில் ஹார்ட்னர் என்ற இன்னொரு திரவத்தைக் கலந்தால் தானாகவே சூடேறி, கண்ணாடி போலத் தெளிந்த கல்லாக இறுகும். உள்ளே துளி ஈரம் இருந்தாலும் போச்சு. அந்தச் சூட்டில் அது ஆவியாகி, நுரைத்து, கட்டி முழுவதும் பால்போல் வெளுத்துவிடும். அதனால் பெரியவள் சேற்றைத் தட்டுகளில் பரப்பி, ஸ்டூடியோவின் மின்அடுப்பில் இளஞ்சூட்டில் நாள்கணக்காகக் காயவைப்பாள். மூக்குக்குக் கீழே தைலம் தடவிக்கொள்வாள். நாற்றம் தைலத்தைத் தாண்டி நாக்கில் வந்து உட்காரும். காய்ந்த பிறகு, விரல் கனத்துக்கு ஓர் அடுக்கு ஊற்றி, அது ஆறியதும் அடுத்த அடுக்கு. மொத்தமாக ஊற்றினால் சூடு வெளியேற வழியில்லாமல் கட்டி விரிசல் விடும்.

அவளும் கணவரும் ஒரே வகுப்பில் சிற்பம் படித்தவர்கள். இப்போது அவர் பேசுவார், அவள் ஊற்றுவாள். ஊரே அவரை மாஸ்டர் என்றது. காலப்போக்கில் அவளுக்கும் அவர் மாஸ்டர் ஆகிவிட்டார்.

ஏழைகளின் வீட்டுக்குப் பின்னால் ஓடுவதைப் பணக்காரர்களின் கண்ணுக்கு முன்னால் வைப்பதுதான் மாஸ்டரின் புதிய கண்காட்சி. யோசனை நல்லதென்றுதான் அவளும் நினைத்தாள். சேறு அவள் தங்கை சின்னவளின் வீட்டுக்குப் பின்னாலிருந்து வந்தது. "எங்க சாக்கடைக்கு வந்த வாழ்வைப் பாரு," என்று சின்னவள் சிரித்திருந்தாள்.

மாஸ்டர் முடிந்த கட்டிகளைத் தட்டிப் பார்த்தார்.

"காப்பித்தூள் கொட்டி வச்ச மாதிரி இருக்கு. கடைசிக் கட்டி ஈரமா, பளபளன்னு வேணும். பார்க்கிறவனுக்குக் குமட்டணும்."

"ஈரத்தோட ஊத்தினா நுரைச்சுக்கிட்டு வரும். உங்களுக்குத் தெரியாததா?"

"தெரிஞ்சதையே கட்டிக்கிட்டு அழுதா கலை எங்கேருந்து வரும்?"

அப்போதுதான் சின்னவள் போன் செய்தாள்.

"அக்கா, சாக்கடை விருந்தாளியா வந்து சமையல்கட்டுல உட்கார்ந்திருக்கு. அடுப்புக்குக் கீழே கணுக்கால் ஆழம். நம்ம குட்டிப்பொண்ணு காலையிலேர்ந்து வாந்தி."

"அடைப்பு எடுக்கிற வண்டிக்குச் சொன்னியா?"

"வண்டி வந்துச்சுக்கா. குழாயை இறக்கினவங்க திரும்பச் சுருட்டிக்கிட்டுப் போயிட்டாங்க. அத்தான்தான் அங்கே நின்னு வண்டி மேஸ்திரிகிட்ட பேசினாரு. திறப்பு விழா முடியற வரைக்கும் தொடக்கூடாதாம்." கொஞ்சம் நிறுத்தினாள். "உனக்குத் தெரியும்னு நினைச்சேன்."

பெரியவள் திரும்பினாள். மாஸ்டர் சேற்று வாளியின் விளிம்பில் கால் வைத்தபடி வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தார்.

"வண்டியைத் திருப்பி அனுப்பினீங்களா?"

"விழாவுக்கு வர்றவங்களை அங்கே கூட்டிட்டுப் போறேன். சுத்தமா கிடந்தா யாரு நம்புவா? எல்லாம் அந்த ஜனங்களுக்காகத்தானே?"

"குட்டி வாந்தி எடுக்கிறா."

"அடப்பாவமே. கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்லு. சொந்தக்காரங்கதானே."

மீதிப் பழத்தை வாயில் போட்டுக்கொண்டார். அது அவர் கன்னத்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரள்வதை அவள் பார்த்தாள். இத்தனை நாள் சேற்றில் கைவிட்டு அளைந்தபோது வராத குமட்டல் அப்போது வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு வாசலுக்குப் போய் மேஸ்திரியைக் கூப்பிட்டாள்.

"ஸ்டூடியோவுலேர்ந்து பேசுறேன். எங்க வேலை முடிஞ்சுது. வண்டியை உடனே அனுப்புங்க."

"விழா முடியட்டும்னு சார் சொன்னாரேம்மா?"

"சாருக்கு வேண்டியது கிடைச்சாச்சு."

கேட்டதும் மாஸ்டர் கத்தவில்லை. "என் கண்காட்சியையே கெடுத்துட்டியே," என்று முனகிவிட்டு, வாளியில் மிச்சமிருந்த ஈரச் சேற்றை அப்படியே அச்சில் கவிழ்த்து, மேலே ஹார்ட்னர் கலந்த ரெசினை மொத்தமாக ஊற்றினார். அவள் தடுக்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு தங்கை வீட்டுக்குக் கிளம்பினாள். படியிறங்கும்போது பின்னால் அது கொதிக்கும் சத்தம் கேட்டது.

வண்டி உறிஞ்சிவிட்டுப் போன பிறகும் சமையல்கட்டுச் சுவரில் கறுப்புக்கோடு நின்றது. அக்காவும் தங்கையும் பிளீச்சிங் பவுடர் தூவித் தேய்த்தார்கள். தேய்த்துக் கழுவிக் காயவிட்டு, மறுபடி தேய்த்தார்கள். குட்டியின் வயிறு அடங்கியது. கோடு மட்டும் அடங்கவில்லை.

திறப்பு விழா அன்றும் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். கண்காட்சிக் கூடத்திலிருந்து யாரோ படம் அனுப்பியிருந்தார்கள். மாஸ்டருக்குப் பக்கத்தில் வெளுத்து, உப்பி, பிளந்த ஒரு கட்டி.

"என்னக்கா இது, பொங்கின பால் மாதிரி?"

"உங்க சாக்கடைதான். கெட்டுப்போச்சு."

"யாரும் சொல்லலையா?"

"சிற்பிக்குள்ளே இருந்த கோபம் வெடிச்சிருக்காம். ஒரு அம்மா பார்த்துட்டு அழுதாங்களாம்."

"இங்கே வந்து இதைத் தேய்ச்சா இன்னும் நல்லா அழலாம்," என்றாள் சின்னவள்.

போன் அடித்தது. மாஸ்டர் தணிந்த குரலில் பேசினார்.

"விரிசல் வழியா கசியுது. தரையெல்லாம் நாறுது, ஆளுங்க நகர்றாங்க. எப்படி அடைக்கறது, சொல்லு."

அவளுக்கு வழி தெரியும். அடியில் சின்னத் துளை போட்டு, நீரை வடித்து, உலர்த்தி, மெல்லிய அடுக்காக மூட வேண்டும்.

"கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்லுங்க," என்றாள். போனை ஜன்னலில் கவிழ்த்துவைத்துவிட்டு, அடுப்புக்குப் பின்னால் எட்டாத மூலைக்குப் பிரஷை நீட்டினாள்.