பாதி அண்டா

வெர்ன் வீட்டில் பீர் காய்ச்சும் நாளில் ஒரே சட்டம்தான். போன் அடித்தாலும் கதவைத் தட்டினாலும், முதல் நுரை எழும்பி அடங்கும்வரை அண்டாவை விட்டு நகரக் கூடாது. அவன் கரண்டியால் கிளறுவான். மனைவி ஐலா தண்ணீர் தெளிக்கும் புட்டியோடு பக்கத்தில் காவல் நிற்பாள். நுரை விளிம்புக்கு வந்தால் ஒரு தெளிப்பு. அதற்கும் மசியாவிட்டால் ஆளுக்கொரு பிடியைப் பிடித்து அண்டாவை இறக்கிவிடுவார்கள். அந்த மின்னடுப்பு இருக்கிறதே, அணைத்தாலும் லேசில் சூடு தணியாது, சனியன். பொங்கி வழிந்தால் நமக்கு விசேஷம்; அவர்களுக்கோ தரையெல்லாம் பார்லிப் பாகு, அடுப்பெல்லாம் கரி.

இந்த முறை மறுபிடியைப் பிடிக்க ஆளில்லை. வெர்ன் இரும்புத்தாது ஏற்றிய கப்பலில், கடல்போல் விரிந்த ஏரியின் நடுவே எங்கோ இருந்தான். ஜனவரியில் ஏரி உறைந்து கப்பல்களைக் கட்டிப்போட்டால்தான் டுலூத் துறைமுகத்தில் இறங்கி வீட்டுக்கு வருவான். வந்தவன் கையில் அவனுக்குப் பிடித்த கறுப்பு பீரைக் கொடுக்க வேண்டும் என்று ஐலாவுக்கு ஒரே பிடிவாதம்.

"கடையில வாங்கித் தொலையேன்டி," என்றாள் பக்கத்து வீட்டு லொரெய்ன். "புருஷன் வர்றதுக்குள்ள வீட்டைக் கொளுத்திடாத."

"கடை பீரைக் குடிக்கவா அவன் வீட்டுக்கு வரான்? போடி வேலையைப் பாத்துட்டு."

ஆனால் ஆசை யாரை விட்டது? நாலு புட்டி கூடுதலாக இருக்கட்டும் என்று அண்டாவை விளிம்புவரை நிரப்பிவிட்டாள். வெர்ன் பார்த்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பான்.

பாகு கொதித்தது. பழுப்பு நுரை திமுதிமுவென்று கிளம்பியது. ஒரு கையால் கிளறி, மறுகையால் தெளித்தாள். நுரை இறங்குவதுபோல் போக்குக் காட்டி மறுபடி ஏறியது. அந்த நேரம் பார்த்துப் படுக்கையறையில் போன் அடித்தது.

வெர்னாகத்தான் இருக்கும். கப்பல் கரையோரம் வரும்போதுதான் அவனால் பேச முடியும், அதுவும் கொஞ்ச நேரம். பல நாளாக அந்தக் குரலைக் கேட்கவில்லை.

"நாசமாப் போ!" என்று பீரைத் திட்டி, அடுப்பை அணைத்துவிட்டு ஓடினாள்.

"என்னடி, இப்படி மூச்சு வாங்குது?"

"ஓடி வந்தேன்யா. சாப்பிட்டியா?"

"சமையல்காரன் கறின்னு சொல்லி செருப்பைப் போட்டான். அதை விடு. ஏதாவது பேசு, உன் குரலைக் கேக்கணும்."

"வாசல்ல பனி முட்டி உயரம்," என்றாள். அதற்குள் சமையலறையில் புகை அலாரம் கத்தத் தொடங்கியது.

"அது என்ன சத்தம்? அடிப்பாவி, பீர் காய்ச்சுறியா? நுரை அடங்கிடுச்சா?"

"இல்ல. அணைச்சுட்டுத்தான் வந்தேன். உன் அடுப்பு என் பேச்சைக் கேக்கணுமே."

"அண்டாவை விட்டுட்டா வந்த?"

"ஆமா. பொங்கட்டும் போ."

போனில் கரகரவென்று இரைச்சல் கிளம்பியது. போய்விட்டானோ என்று பதறினாள். "வெர்ன்?"

"இருக்கேன். நான் இருந்திருந்தா ரெண்டு பேருமா இறக்கியிருக்கலாம்."

"இருந்திருந்தா."

அதோடு தொடர்பு அறுந்தது. காத்துப் பார்த்தாள். மறுபடி அடிக்கவில்லை.

சமையலறையில் தரையெல்லாம் பாகு ஓடியிருந்தது. ஜன்னலைத் திறந்துவிட்டு, அடுப்பு ஆறியதும் தேய்த்துத் துடைத்தாள். அண்டாவில் பாதிக்குமேல் போயிருந்தது. போனால் போகட்டும், இருக்கிறதையாவது காய்ச்சுவோம் என்று மறுபடி அடுப்பை முடுக்கினாள்.

இப்போது அது எவ்வளவு கொதித்தும் விளிம்புப் பக்கமே வரவில்லை. குறைந்த அண்டாவுக்குக் காவல் தேவையில்லை. அவள் போய்க் காலை நீட்டி உட்காரலாம். ஆனாலும் வெர்ன் கரண்டியோடு நிற்கும் இடத்தைக் காலியாக விட்டு, வழக்கமான தன் இடத்தில், புட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஜனவரி வரைக்கும் அவளால் பொறுக்க முடியாது. அவன் இப்போதே வேண்டும்.