ஜன்னலில் நின்ற மூடி

சாயங்காலம் கடையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே சின்னவளின் கண் சமையலறை ஜன்னலுக்குப் போயிற்று. விளிம்பில் ஊசியின் சிவப்பு மூடி நின்றுகொண்டிருந்தது. காலையில் தான் வைத்ததுதான் என்று நினைத்து, அதைக் குப்பையில் போட்டுவிட்டுக் கை கழுவினாள். தட்டில் சாப்பாடு வைத்தாள். மேனேஜர் மெதுவாக வந்து ஜன்னலோர நாற்காலியில் ஏறி உட்கார்ந்தது.

மேனேஜர் என்பது பூனை. சாம்பல் நிறம், அகன்ற முகம். தான் ஒரு வேலையும் செய்யாமல், அடுத்தவர் செய்வதை உயரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்கும் என்பதால் அக்கா வைத்த பெயர். போன வருடம் அது கிண்ணம் கிண்ணமாகத் தண்ணீர் குடிக்க ஆரம்பித்து, தின்றும் இளைத்துக்கொண்டே போனபோது, டாக்டரம்மா அதன் காது நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்துச் சர்க்கரை வியாதி என்றார். காலையும் மாலையும் இன்சுலின் போட வேண்டும் என்றார். சின்னவளுக்கு ஊசி என்றாலே பயம். அக்காதான் அந்தப் பொறுப்பைத் தலையில் எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

அக்கா செய்தால் எதிலும் ஒரு முறை இருக்கும். மருந்துப் புட்டியைக் குலுக்க மாட்டாள். இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து, குளிரில் கை தேய்ப்பதுபோல உருட்டுவாள். பூனையின் வாய் தட்டில் இருக்கும்போதே, பின்கழுத்துத் தோலை இரண்டு விரலால் சின்னக் கூடாரம் மாதிரி தூக்கி, அந்தக் கூடாரத்தின் வாசலில் ஊசியைச் செருகி எடுத்துவிடுவாள். பூனை சாப்பாட்டை நிறுத்தாது. பிறகு, "போட்டாச்சு. கையெழுத்துப் போடுங்க சார்" என்பாள். மேனேஜர் தலையைக்கூடத் திருப்பாமல் வாலைத் தூக்கி நாற்காலிக் கைப்பிடியில் ஒரு தட்டுத் தட்டும். சின்னவள் முதல்தடவை பார்த்தபோது விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஜன்னலில் மூடியை நிறுத்துவதும் அக்காவின் சட்டம்தான். "எனக்கு மறதி ஜாஸ்திடி. மூடி நின்னா போட்டாச்சு. ரெண்டு தடவை போட்டுட்டோம்னா மேனேஜர் நிரந்தரமா லீவுல போயிடுவார்." அடுத்த வேளை ஊசிக்கு முன்னால் பழைய மூடியை எடுத்துவிடுவாள்.

மழைக்காலத்தில் ஒருநாள், பல் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துக்கொண்டிருந்த இடத்திலேயே அக்கா சரிந்து விழுந்தாள். வீட்டுக்கு உயிரில்லாத உடம்பாகத்தான் வந்தாள். வந்தவர்களும் போனவர்களுமாக வீடு நிறைந்து, பிறகு ஒவ்வொருவராகக் காலியானபோது, அன்று காலையில் அக்கா நிறுத்திய மூடி மட்டும் ஜன்னலில் அப்படியே நின்றது. அதை எடுக்கச் சின்னவளுக்கு மனம் வரவில்லை. ஆனால் பூனை தண்ணீர்க் கிண்ணத்தை விட்டு நகராமல் கிடந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணில் நீர் முட்ட, முதல் ஊசியை அவளே போட்டாள். கையெழுத்து கேட்டாள். வால் அசையவில்லை. அதன் பிறகும் ஒருநாளும் அவளுக்கு அது கையெழுத்துப் போட்டதில்லை.

இதெல்லாம் பழகிப்போயிருந்த சமயத்தில்தான் அந்தச் சாயங்காலம். புட்டியை உருட்டினாள். மருந்தை ஏற்றினாள். பின்கழுத்தைப் பிடித்தபோது ரோமம் கொஞ்சம் ஈரமாக இருந்தது. கட்டுப்போடும் துணியின் வாசனைபோல, இன்சுலினுக்கே உரிய வாசனை லேசாக வந்தது. தண்ணீர் குடிக்கும்போது நனைந்திருக்கும், வாசனை தன் கையில்தான் இருக்கும் என்று நினைத்து ஊசியைப் போட்டாள்.

பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தபோது பின்னால் தொப்பென்று சத்தம் கேட்டது. மேனேஜர் நாற்காலியிலிருந்து விழுந்து கிடந்தது. எழ முயன்றது, கால்கள் நாலும் நாலு பக்கம் போயின. கண் திறந்திருந்தது, ஆனால் எதையும் பார்க்கவில்லை. சின்னவள் தேனை விரலில் எடுத்து அதன் ஈறில் தடவிக்கொண்டே, ஒரு கையால் கூடையைத் தேடி, அதை உள்ளே வைத்துத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினாள்.

டாக்டரம்மா குளுக்கோஸ் ஏற்றி, வெகுநேரம் பக்கத்திலேயே இருந்து, பூனை கழுத்தைத் தூக்கிய பிறகுதான் மூச்சு விட்டார்.

"ரெண்டு ஊசி போயிருக்கும்மா. ரெண்டு பேர் இருக்கிற வீட்ல இது சகஜம். ஒருத்தர் போட்டது தெரியாம இன்னொருத்தரும் போட்டுடுவாங்க. வீட்ல பேசி வச்சுக்கோங்க."

"வீட்ல நான் மட்டும்தான் டாக்டர்."

டாக்டரம்மா கையுறையைக் கழற்றினார். பிறகு, "அப்போ நீங்கதான் மறந்திருப்பீங்க. துக்கத்துல அப்படி ஆகும்" என்றார்.

அதுதான் உண்மை என்று சின்னவளும் வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தாள். வீட்டுக் கதவைத் திறந்தபோதுதான் பொறி தட்டியது. அவளால் என்றைக்குமே அந்த மூடியை நிறுத்த முடிந்ததில்லை. பென்சிலைவிட ஒல்லியான குழாய், வைத்தால் விழும். அதனால் அவள் எப்போதும் அதைப் படுக்கத்தான் வைப்பாள். இன்று அவள் எடுத்துக் குப்பையில் போட்ட மூடி நின்றுகொண்டிருந்தது.

அவள் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவள். முடியளவு கீறல் இருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. அந்தக் கண்ணால்தான் பிறகு வந்த நாட்களில் ஜன்னலைப் பார்த்தாள். சில நாள் அவள் படுக்க வைத்த மூடி படுத்தபடியே இருந்தது. அன்று ஊசி போட்டாள். சில நாள் ஒரு மூடி நின்றது. அன்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எந்த நாள் காதில் குத்திப் பார்த்தாலும் பூனையின் சர்க்கரை சரியாகவே இருந்தது. தண்ணீர்க் கிண்ணம் பாதிக்குமேல் குறையவில்லை. மேனேஜருக்கு ரோமத்தில் மினுமினுப்புத் திரும்பியது. வீட்டில் யாரும் இல்லாத பகல் நேரங்களில் அது நன்றாகத்தான் இருந்திருக்கிறது என்று அதன் முகத்திலேயே எழுதியிருந்தது.

கடை முதலாளியிடம் பாதி விஷயத்தை மட்டும் சொன்னாள். அவர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "எனக்கும்தான் சர்க்கரை இருக்கு. என்னை யாரு நாற்காலியில உக்கார வச்சு ஊட்டிவிட்டு ஊசி போடறா?" என்றார். அவள் சிரிக்காததைப் பார்த்துக் குரலை இறக்கினார். "நீயே போட்டுட்டு மறந்திருப்பே, தாயி. என் சம்சாரம் போன புதுசுல நான் ரெண்டு டம்ளர்ல காபி ஆத்தி வச்சிட்டு உக்காந்திருப்பேன். யாரு ஆத்தினதுன்னு எனக்கே தெரியாது."

"ரெண்டாவது டம்ளரை யாராவது குடிச்சாங்களா, முதலாளி?"

அவர் கண்ணாடியை மறுபடி மூக்குக்கு இறக்கினார்.

டாக்டரம்மா பூனையை மறுபடி சோதித்துவிட்டு யோசித்தார். "சில பூனைகளுக்கு இந்த வியாதி தானாவே விலகிடும்மா. மருந்தே வேண்டாம்னு ஆயிடும். இதுக்கும் அப்படி இருக்கலாம். ஆனா நிஜமாவே குணமாயிடுச்சா, இல்ல ஊசி போயிட்டே இருக்கிறதால நல்லா இருக்கான்னு தெரியணும். நீங்க மறதியில போட்டுடாம இருக்க, மருந்து, ஊசி எல்லாத்தையும் வீட்டை விட்டு வெளிய வைங்க. தினம் காதுல பாருங்க. சர்க்கரை ஏறுச்சுன்னா உடனே ஓடி வாங்க, விட்டுட்டா படுத்துடும்."

புட்டியையும் ஊசிப் பெட்டியையும் துணியில் சுற்றிக் கடைக்குக் கொண்டுபோய், முதலாளி தண்ணீர் வைக்கும் சின்னக் குளிர்பெட்டியில் வைத்தாள். வீட்டில் கிடந்த பழைய மூடிகளையும் கூட்டிப் பெருக்கி வெளியே போட்டாள். திரும்பி நடக்கும்போதுதான், தான் செய்திருப்பது என்ன என்பது அவளுக்கு உறைத்தது. பூனைக்குச் சர்க்கரை ஏறினால், மூடி நின்ற நாட்களில் ஊசி போட்டவள் அக்கா. அந்தக் கையிலிருந்து மருந்தைப் பிடுங்கிப் பூனையைச் சாகக் கொடுத்தவள் தான். ஏறாவிட்டால் பூனை பிழைத்தது; ஆனால் வீட்டில் யாரும் வரவுமில்லை, நிற்கவுமில்லை, மூடியை எல்லாம் தன் கையே தன்னையறியாமல் நிறுத்திற்று. இரண்டில் எது நடக்க வேண்டும் என்று சாமியிடம்கூட அவளால் கேட்க முடியவில்லை. தெருமுனையில் நின்று கொஞ்சநேரம் அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் போனாள்.

ஜன்னல் விளிம்பு காலியாக இருந்தது. வெளியே வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தது. தட்டில் சாப்பாடு வைத்தாள். மேனேஜர் வந்து நாற்காலியில் ஏறிச் சாப்பிடத் தொடங்கியது. காதில் குத்திப் பார்க்கும் கருவியை மேசையில் வைத்துவிட்டு, சின்னவள் எதிரே முக்காலியில் உட்கார்ந்தாள். தன் கை எங்கே இருக்கிறது என்று தனக்கே சந்தேகம் வரக்கூடாது என்பதற்காக, இரண்டு கைகளையும் விரல் விரித்து மேசைமேல் வைத்தாள்.

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டில் யாரோ யாரையோ சாப்பிடக் கூப்பிட்டார்கள். பூனை சாப்பிடும் சத்தம் ஒரே சீராக வந்தது.

பிறகு, தலையைத் தட்டிலிருந்து எடுக்காமலே, மேனேஜர் கழுத்தை லேசாகத் தாழ்த்திக் கொடுத்தது. யாராவது பக்கத்தில் வந்து நிற்கும்போது இடம்விடுவதுபோல. அதன் பின்கழுத்து ரோமம் நடுவில் பிரிந்தது. தோல் மெல்ல எழுந்து, சின்னக் கூடாரம்போல நின்றது.

சின்னவள் தன் கைகளைப் பார்த்தாள். பத்து விரலும் மேசைமேல்தான் இருந்தன.

"அக்கா," என்றாள். "மருந்து கடையில இருக்கு அக்கா. இங்க ஒண்ணுமே இல்ல."

கூடாரம் அசையாமல் நின்றது. பூனை மென்றுகொண்டிருந்தது. கட்டுப்போடும் துணியின் வாசனை மேசைவரை வந்தது. பிறகு தோல் மெதுவாக, இரண்டு விரல் விட்டது போல, அடங்கிப் படிந்தது.

மேனேஜரின் வால் உயர்ந்தது. நாற்காலிக் கைப்பிடியில் ஒரு தட்டுத் தட்டியது.