கரையை வெட்டச் சொன்னவர்

ஓரெஸ்ட் ஹலுஷ்கா எங்கள் தொகுதியிலிருந்து நான்கு முறை கனடாவின் மனிடோபா மாநிலச் சட்டமன்றத்துக்குப் போனவர். கோதுமை விவசாயி. நான் அவருடைய தொகுதி அலுவலகத்தைப் பார்த்துக்கொண்டவள். நான்காம் முறை அவருக்கு நீர்வளத் துறை அமைச்சர் பதவி கிடைத்தது. மறு வசந்தத்திலேயே ஆறு பெருகியது.

மேற்குக் கரையை நாமே வெட்டித் தண்ணீரை வயல்களில் விடவேண்டும், இல்லையென்றால் கீழே இருக்கும் நகரம் மூழ்கும் என்றார்கள் பொறியாளர்கள். வயல் பக்கம்தான் அவர் பிறந்த ஊர். தம்பி டிமிட்ரோவின் பண்ணையும் அங்கேதான்.

"ஊர்ல சொல்ல அதிகாரிய அனுப்பிடலாமே" என்றேன்.

"அனுப்பிட்டு நான் எந்த மூஞ்சியோட அந்தப் பக்கம் போவேன்? வா, கிளம்பு."

தேவாலயக் கூடத்தில் மணல் மூட்டை கட்டிக் களைத்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர் சொல்லி முடித்ததும் ஒரு கிழவி எழுந்தாள்.

"ஓட்டுக் கேக்க வந்தப்ப என் வீட்டுல ரெண்டு தட்டு பெரோகி கொழுக்கட்டை தின்னியே ராசா. அந்த அடுப்புலதான் தண்ணி விடப்போறியா?"

டிமிட்ரோ கத்தவில்லை. "அண்ணே, ராஜினாமா பண்ணிடு."

"நான் போனா வேற ஒருத்தன் வந்து வெட்டுவான்டா."

"வெட்டட்டும். எங்கண்ணன் வெட்டலன்னு இருந்தாப் போதும் எனக்கு."

மறுநாள் காலை அவர் உத்தரவு கொடுக்க, இயந்திரம் கரையைக் கடித்தது. தண்ணீர் பழுப்பாக வயலில் இறங்கியது. ஓரெஸ்ட் நேரே தம்பியின் பண்ணைக்கு ஓடினார். முழங்கால் தண்ணீரில், கோட்டும் டையுமாக, கன்றுகளைத் தூக்கி வண்டியில் ஏற்றினார். டிமிட்ரோ தடுக்கவில்லை. கடைசிக் கன்றை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

நகரம் தப்பியது. தப்பியதாலேயே அங்கே யாரும் நம்பவில்லை. "தண்ணிதான் வரவே இல்லையே, சும்மா பூச்சாண்டி காட்டிட்டான்" என்றார்கள். இலையுதிர்காலத் தேர்தலில் இரண்டு பக்கமும் அவரைக் கைவிட்டன. அதற்குள் டிமிட்ரோ சேறு படிந்த நிலத்தை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு ஆல்பர்ட்டாவுக்குப் போயிருந்தான், சொல்லிக்கொள்ளாமல்.

தோற்ற மறுநாள் அலுவலகத்தைக் காலி செய்ய வந்தார்.

"தம்பி போன் பண்ணானா?"

"இல்லங்க."

"தோத்தது அவனுக்குத் தெரிஞ்சிருக்கும்ல?"

"தெரிஞ்சிருக்கும்."

தொலைபேசி இணைப்பைத் துண்டிக்க வந்த ஆள் வாசலில் நின்றான். "மதியத்துக்கு மேல வாப்பா" என்று அவனைத் திருப்பி அனுப்பிவிட்டு, ஓரெஸ்ட் தொலைபேசி இருந்த மேசையருகே உட்கார்ந்தார்.